அறுபது அடி உயரமுள்ள நாற்பத்து மூன்று அடிக் கட்டடம்

அதிகாரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தார். சுவர் முழுக்கச் சார்ட் பேப்பர்கள். மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, கடைசி வரியை மட்டும் வாய்விட்டு வாசித்தார்.

"கட்டடத்தின் உயரம் அறுபது அடி."

அடுத்த சார்ட். "கட்டடத்தின் உயரம் அறுபது அடி."

அவருக்கு ஓரடி பின்னால் எங்கள் பள்ளித் தாளாளர். அவர் ஒவ்வொரு அறுபதுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் நான். கூடத்தில் பசை வாடையும் புதுப் பெயிண்ட் வாடையும் கலந்து அடித்தன.

நாற்பத்தொன்றையும் முடித்துவிட்டு, கக்கத்தில் இருந்த கோப்பை எடுத்துப் பிரித்தார் அதிகாரி.

"எல்லாம் புள்ளைங்களே அளந்ததா?"

"புள்ளைங்களேதான் சார். வாத்தியார் கை ஒண்ணுலயும் படலை" என்றார் தாளாளர்.

"அப்பச் சரியாத்தான் இருக்கும். ஆனா வரைபடத்துல நாற்பத்து மூணு அடின்னு காட்டி அனுமதி வாங்கியிருக்கீங்க. மிச்சம் பதினேழு அடியை எப்ப சார் கட்டுனீங்க?"

ஆடிக்கொண்டிருந்த தலை பாதியில் நின்றது.

இது நடந்த தேதி, கிழமை, மணி மூன்றும் என் டைரியில் இருக்கின்றன. ஆனால் இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்குத் தேதிகள் ஆகாது. "தேதியா அடுக்கினா, வாசகர் பஸ் கால அட்டவணைன்னு நெனச்சுப் பக்கத்தைத் திருப்பிருவார்" என்கிறார். எனக்கு இதில் சம்மதமில்லை. இருந்தாலும் பத்திரிகை அவருடையது. தை முடிந்து மாசி பிறந்த கையோடு வந்த ஒரு திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடையாத உருளைக்கிழங்கு

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளிக்குப் போய், மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன். கையெழுத்துப் போட்டால் கீழே தேதி போடாமல் விடமாட்டேன். மளிகைச் சீட்டுக்கும் அப்படித்தான். வீட்டில் இதற்காகப் பல காலமாகச் சிரிக்கிறார்கள்.

அந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்களை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு ஹோட்டலின் குளிரூட்டிய அறை. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், மாணவர்கள் கையால் செய்து பார்த்துக் கற்க வேண்டும், பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சவால் கொடுங்கள், அவர்களே வழி கண்டுபிடிப்பார்கள் என்றார். எங்கள் கையில் ஆளுக்கு ஒரு முட்டை, இரண்டு செய்தித்தாள், கொஞ்சம் நூல். இரண்டாவது மாடியிலிருந்து போட்டால் முட்டை உடையக் கூடாது. என் முட்டை உடைந்தது. ஆனாலும் பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் இயற்பியல் எனக்கு விளையாட்டாகத் தெரிந்தது.

திரும்பி வந்து, வியாழக்கிழமை கடைசி பீரியடை இதற்காகக் கேட்டு வாங்கினேன். முதல் சவால் முட்டைதான் என்று முடிவு செய்தேன்.

தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். "சார், நம்மது சைவ வளாகம். முட்டை உள்ள வரக் கூடாது."

"அப்பத் தக்காளி வச்சுக்கிறேன் சார்."

"புதுப் பெயிண்ட் சார். கறை ஆயிரும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவரே ஒரு தீர்வு சொன்னார். "உருளைக்கிழங்கு வைங்களேன்."

நாற்பத்திரண்டு பிள்ளைகள், நாற்பத்திரண்டு உருளைக்கிழங்குகள். துணி சுற்றி, பஞ்சு வைத்து, குடை கட்டி, வைக்கோல் அடைத்து எல்லாவற்றையும் மாடியிலிருந்து போட்டார்கள். ஒன்றுகூட உடையவில்லை. பாண்டீஸ்வரி என்ற மாணவி மட்டும் எதையும் சுற்றாமல் வெறும் கிழங்கைப் போட்டாள். அதுவும் உடையவில்லை. "பாதுகாப்பு உறை தேவையில்லை" என்று முடிவு எழுதினாள். அன்றைக்கு அந்த மாடியில் இயற்பியல் செய்தது அவள் ஒருத்திதான்.

பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அன்று மாலையே செய்தி வந்தது: முதல் சவாலிலேயே நூறு சதவீத வெற்றி. மறுநாள் ஆசிரியர் அறையில் போண்டா.

சொந்த யோசனை, கரும்பலகையில்

பயிற்சியில் சொன்னபடி ரெக்கார்டு நோட்டில் ஒரு புதுப் பக்கம் சேர்த்தோம். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, அளவீடு, முடிவு என்ற பழைய தலைப்புகளுக்குக் கீழே 'என் சொந்த யோசனை' என்று ஒன்று.

உருளைக்கிழங்குச் சவால் முடிந்ததும் தலைமை ஆசிரியை நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "சொந்த யோசனையில எம்புட்டு எழுத்துப் பிழை பாருங்க சார். நீங்க போர்டுல எழுதிப் போட்டுருங்க, பார்த்து எழுதட்டும்" என்றார். எழுதிப் போட்டேன். நாற்பத்திரண்டு பேரின் சொந்த யோசனையும் ஒரே மாதிரி, பிழையில்லாமல் அமைந்தது.

இந்தப் பக்கத்தையும் இயற்பியல் ரெக்கார்டோடு சேர்த்தே தைத்துவிட்டார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அதில் என் கையெழுத்து இல்லையென்றால் ரெக்கார்டு முழுமையாகாது. முழுமையாகாத ரெக்கார்டோடு வரும் பிள்ளையைச் செய்முறைத் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். பின்னால் நடந்தது எல்லாம் இந்த ஒரு கையெழுத்தைச் சுற்றித்தான்.

அறுபதுக்கு அறுபது

எங்கள் தாளாளருக்கு அறுபது வயது முடிந்தபோது மணிவிழா நடந்தது. கல்யாணம், மாலை, மறுபடியும் தாலி எல்லாம் ஆனது. விருந்து முடிந்த கையோடு பள்ளியில் புதுக் கட்டடத்தைத் திறந்தார்கள். பெயர் மணிவிழா பிளாக். அன்று வாசலில் ஏறிய ஃப்ளெக்ஸ் இன்றும் இருக்கிறது. வெயிலில் வெளுத்தால் புதிது அடித்து அதே இடத்தில் கட்டிவிடுவார்கள்.

"அறுபது ஆண்டுகள்! அறுபது அடி உயரம்!"

ஃப்ளெக்ஸில் தாளாளர் கைகூப்பி நிற்கிறார். கட்டடம் அவர் இடுப்பு வரை வருகிறது.

நான்கு ஊர்க்காரனும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிற ஊர் மதுரை. இங்கே உயரத்தைப் பற்றி வாய் திறக்கவே ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் அவருக்கு இருந்தது. கட்டடத்தைக் கட்டியவர் அவருடைய மச்சினன். வயதுக்கு ஓர் அடி என்று மாமா ஆசைப்பட்டிருக்கிறார். மச்சினன் வரைபட அனுமதிக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கட்டிவிட்டு, "ஆச்சு மாமா" என்று சொல்லியிருக்கிறார். யாரும் டேப்பை எடுத்துக்கொண்டு மணிவிழாவுக்குப் போவதில்லை.

பழைய கோயில்கள் சிலவற்றின் சுவரில் ஒரு நீளக் கோடு வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலம் அளக்கும் கோலின் நீளம் அது. அதிகாரி கோலைக் குறைத்தாலும் குடியானவன் கூட்டினாலும், வந்து கல்லில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அளவு என்பது நாலு பேர் கைபடும் இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். நாம் அதை ஃப்ளெக்ஸில் ஏற்றிவிட்டோம். அங்கே யார் கையும் எட்டாது.

ஒரே ஒரு ஸ்டாப்வாட்ச்

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் வியாழக்கிழமை நான் கொடுத்த சவால் இதுதான்: டேப் இல்லாமல், யாரையும் கேட்காமல், மணிவிழா பிளாக்கின் உயரத்தைக் கண்டுபிடி. ஆய்வகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, வெயிலில் அலைய வேண்டாமே என்றுதான் அந்தக் கட்டடத்தைச் சொன்னேன். ஃப்ளெக்ஸ் என் நினைவிலேயே இல்லை. சத்தியமாக.

தாளாளர் கேள்விப்பட்டுப் பூரித்துப் போனார். "அருமை சார்! அறுபதுங்கிறது புள்ளைங்க வாயாலயே வரட்டும். சார்ட் போட்டு மாட்டிருவோம்."

அப்போதுதான் எனக்கு ஃப்ளெக்ஸ் நினைவு வந்தது.

பள்ளிக்குள் செல்போன் கூடாது. ஆகவே நேரம் பார்க்க உடற்கல்வி ஆசிரியர் காசியின் கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச் ஒன்றுதான். அவர் அதைக் கழற்றித் தரமாட்டார். மொட்டைமாடியிலிருந்து டென்னிஸ் பந்து விழ, கீழே நின்று காசியே அமுக்கினார்.

"ஒண்ணு புள்ளி ஆறுண்ணே" என்றார் என்னிடம். "மறுபடியும் ஒண்ணு புள்ளி ஆறு. ஏண்ணே, அறுபது அடிக்கு எம்புட்டு வரணும்?"

"ஒண்ணு புள்ளி ஒன்பது மூணு."

காசி வாசல் பக்கம் திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்தார். "பந்துக்கு அவசரம் போல" என்றார்.

சில பிள்ளைகள் குச்சியை நட்டு அதன் நிழலையும் கட்டடத்தின் நிழலையும் அளந்தார்கள். எகிப்தின் பிரமிடை ஒரு கிரேக்கன் இப்படித்தான் அளந்தான் என்று சொல்வார்கள். ஒரு பையன், கோணமானியில் நூல் கட்டிக் கண்ணருகே பிடித்து, தடுமாறித் துளசி மாடத்தில் முட்டிக்கொண்டான். எல்லோரும் கத்தினார்கள், சண்டை போட்டார்கள், ஒருவர் தப்பை ஒருவர் பிடித்தார்கள். என் இத்தனை வருட வேலையில் அதைப் போல ஒரு பீரியட் அமைந்ததில்லை. மணி அடித்தும் யாரும் கலையவில்லை.

பாண்டீஸ்வரி மட்டும் பந்தும் போட்டாள், நிழலும் அளந்தாள், கடைசியில் மாடிப்படியில் உதட்டை அசைத்துக்கொண்டே மெல்ல ஏறினாள். அவள் மேலூர் பக்கத்துப் பெண். தினமும் மாட்டுத்தாவணியில் இறங்கி நடந்து வருவாள்.

"என்னம்மா, மந்திரமா?" என்றேன்.

"படி சார். பேச்சுக் கொடுக்காதீங்க, விட்டுப் போயிரும்."

அன்று எல்லோர் கைத்தாளிலும் இருந்த விடை நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில். எல்லோரும் அடுத்த வியாழன் ரெக்கார்டில் எழுதி வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

பூமியை மாற்றியவன்

இங்கே என் கல்லூரிக் காலத்தைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது.

தனி ஊசல் சோதனை. நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, ஆட்டத்தின் நேரத்தை வைத்து, புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும் என்பது உலகத்துக்கே தெரியும். என் பக்கத்து மேசைக்காரனுக்கு ஒன்பது புள்ளி இரண்டு வந்தது. அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்க் காட்டினான்.

விரிவுரையாளர் மூக்கை உறிஞ்சினார். "என்னடா, பூமியையே மாத்திட்டியா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு வந்தது ஒன்பது புள்ளி ஒன்று. ஆனால் நான் விவரமானவன். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நேரத்தை அதற்கேற்ற மாதிரி எழுதி வைத்திருந்தேன். பத்துக்குப் பத்து.

ஆசிரியரான பிறகு நான் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. விடை வராத நோட்டில் "திரும்பச் செய்க" என்று மட்டும் எழுதுவேன். இரண்டு முறை எழுதினால் போதும், பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள். எங்கள் ஆய்வகத்தில் நூல் அறுந்த ஊசலுக்குக்கூட ஒன்பது புள்ளி எட்டு வரும்.

நாற்பத்தொரு பச்சை, ஒரு சிவப்பு

அடுத்த வியாழன் நோட்டுகள் வந்தன. முதல் நோட்டைத் திறந்தேன். பந்து விழுந்த நேரம் 1.93. உயரம் அறுபது அடி. இரண்டாவது நோட்டில் நிழலின் நீளம் ஒரு வாரத்தில் வளர்ந்திருந்தது. உயரம் அறுபது அடி. துளசி மாடத்தில் முட்டிக்கொண்டவனுக்குக்கூட மிகச் சரியாக அறுபது.

யாரும் அவர்களை இப்படி எழுதச் சொல்லவில்லை. விடை வாசலிலேயே கட்டித் தொங்குகிறது. உள்ளே வரும்போதும் பார்க்கிறார்கள், வெளியே போகும்போதும் பார்க்கிறார்கள். மிச்ச வேலையை என் ஆய்வகம் ஏற்கெனவே பழக்கி வைத்திருந்தது.

நாற்பத்தொரு நோட்டில் பச்சை மையில் சரி போட்டேன். கையெழுத்து. தேதி.

நாற்பத்திரண்டாவது நோட்டு பாண்டீஸ்வரியுடையது. பந்து: நாற்பத்தொன்று. நிழல்: நாற்பத்தைந்து. படி: மாடிக்கு இருபது வீதம் நான்கு மாடிக்கு எண்பது படி, படி ஒன்றுக்கு அரை அடி, மேலே கைப்பிடிச் சுவர் மூன்றடி, ஆக நாற்பத்து மூன்று. முடிவு: கட்டடத்தின் உயரம் நாற்பத்து மூன்று அடி, இரண்டு அடி முன்பின் இருக்கலாம். 'என் சொந்த யோசனை' என்ற இடத்தில், "வாசலில் உள்ள எண்ணையும் ஒரு முறை அளந்து பார்க்கலாம்" என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை இல்லை.

தாளாளர் இந்த நோட்டுகளைப் பார்ப்பார். ஜூன் மாதத்தில் ஆசிரியர்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறவரும் அவர்தான். சிவப்புப் பேனாவை எடுத்தேன். குறுக்கே ஒரு கோடு. "தவறு. திரும்பச் செய்க." கையெழுத்து. தேதி.

அன்று காலைதான் நானும் அந்தப் படிகளை எண்ணியிருந்தேன். எண்பது. டைரியில் இருக்கிறது.

நோட்டை வாங்கிக்கொண்டு அவள் என் மேசையை விட்டு நகரவில்லை.

"எந்த வழியில சார் அறுபது வரும்? வழியைச் சொல்லுங்க, எழுதிர்றேன்."

"திரும்ப அளந்து பாரும்மா."

"அளந்துட்டேன் சார். நாற்பத்து மூணுதான் வருது. மறுபடியும் அளந்தா வளந்துருமா?"

"கையெழுத்து வேணும்ல?"

"வேணும் சார்" என்றாள். அறுபது எழுதுகிறேன் என்று சொல்லவில்லை. போய்விட்டாள்.

இஞ்சினியர் கீழே நின்றார்

செய்தி தாளாளருக்குப் போனது. பெற்றோரை வரச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவள் அம்மா பஞ்சவர்ணம் வேலை இடத்திலிருந்து நேராக வந்தார். சேலைக்கு மேலே ஆண் சட்டை. புறங்கையில் சிமெண்ட் வெளுப்பு. சித்தாள் வேலை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க மக படிப்புல கெட்டிக்காரிதான்" என்று ஆரம்பித்தார் தாளாளர். "ஆனா அடம். வகுப்பே அறுபதுங்குது. இவ மட்டும் நாற்பத்து மூணுங்குறா."

பஞ்சவர்ணம் ஜன்னல் வழியாகக் கட்டடத்தைப் பார்த்தார். "இதுவா சார்?"

"இதுதான்."

"அம்புட்டு உசரமெல்லாம் இல்லீங்க சார். இதுக்குக் கலவை ஏத்துனதே நாங்கதான். மாடிக்கு இருவது படி. அரை அடிப் படி. இதுல அறுபது எங்கிட்டு இருந்து வரும்?"

"நீங்க என்ன, இஞ்சினியரா?"

"இல்லீங்க. இஞ்சினியரு கீழ நின்னாரு. நாங்கதான் மேல ஏறுனோம்."

மூலையில் நின்ற காசிக்கு இருமல் வந்தது. வெளியே போய் இருமினார்.

தாளாளர் முகம் திடீரென்று தெளிந்தது. "ஓ! அப்ப நீங்கதான் சொல்லிக்கொடுத்திருக்கீங்க. பார்த்தீங்களா சார், யாரையும் கேட்கக் கூடாதுங்கிறது விதி. வெளியாள் உதவி. விதிமீறல்!"

"எங்கிட்ட அவ கேக்கவே இல்லையே சார். நான் இங்க வேலை பாத்தேன்னே அவளுக்குத் தெரியாது" என்றார் பஞ்சவர்ணம். பக்கத்தில் நின்ற மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தெரியாதுதான் என்று அந்த முகமே சொன்னது.

பிறகு பஞ்சவர்ணம் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க அளந்தீங்களா?"

சுவரில் பாட அட்டவணை தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியட் எனக்கு ஓய்வு என்பது அன்று நன்றாக மனதில் பதிந்தது.

"அறுபதுன்னு எழுதுற வரைக்கும் கையெழுத்து கிடையாது. ரெக்கார்டு இல்லாம பிராக்டிகலும் கிடையாது" என்று முடித்தார் தாளாளர்.

படியிறங்கும்போது அம்மா மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "எழுதித் தொலையேன்டி. ஒரு நம்பருதான?"

"நீ எழுதுவியாம்மா?"

பஞ்சவர்ணம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "நான் வேலைக்குப் போறேன். சாப்புட்டுரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் நாற்பத்தொரு பேரும் சார்ட் வரைந்தார்கள். பாண்டீஸ்வரி கடைசிப் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். செய்முறைத் தேர்வுக்கு நாள் குறித்து நோட்டீஸ் ஒட்டியாயிற்று. அவள் தினமும் நோட்டைப் பையில் எடுத்து வருவாள், தினமும் எடுத்துப் போவாள். என் மேசைப் பக்கம் வரவேயில்லை.

ஜீப்பில் இருந்த டேப்

இப்போது திங்கட்கிழமைக்கு வரலாம். அதிகாரி வந்தது கட்டடத்துக்கான சான்றைப் புதுப்பிக்க. காபி கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கலாம். தாளாளரால் முடியவில்லை. "புள்ளைங்க திறமையைப் பார்த்துட்டுப் போங்க சார்" என்று கூடத்துக்குள் இழுத்து வந்தார். அதன்பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

"அது வந்து... சும்மா ஒரு இதுக்குச் சொல்றது சார். வயசு அறுபது, அதனால..."

"நாற்பத்தொரு பேர் சும்மா ஒரு இதுக்கா அளந்தாங்க?" அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் அனுபவிக்கிறார் என்று தெரிந்தது. "நிழல், பந்து, கோணம்னு விதவிதமா இருக்கு. எல்லாத்துலயும் அறுபது. அம்புட்டு உசரம் இருந்தா உங்க அனுமதியே செல்லாது. வேற படிக்கட்டு, வேற தண்ணித் தொட்டின்னு கேப்பாங்க. என்ன எழுதட்டும்?"

தாளாளர் வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். திடீரென்று என் தோளைப் பிடித்தார். "சார்! அந்தப் பொண்ணு! அந்தப் பொண்ணு நோட்டு எங்க?"

காசி ஓடினார். அவர் விளையாட்டு மைதானத்தில்கூட அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பாண்டீஸ்வரி நோட்டோடு வந்தாள்.

"இந்தா பாருங்க சார், எங்க மாணவி, மூணு வழியில அளந்திருக்கு, நாற்பத்து மூணு! அம்புட்டும் கரெக்ட்!" தாளாளரின் குரலில் அப்படி ஒரு பெருமை.

அதிகாரி நோட்டை வாங்கவில்லை. ஜீப்பிலிருந்து டேப் எடுத்து வரச் சொன்னார். மேல் நுனியைப் பாண்டீஸ்வரியிடம் கொடுத்தார். அவள் எண்பது படி ஏறிப் போய்க் கைப்பிடிச் சுவரில் பிடித்தாள். கீழே அதிகாரியே குனிந்து பார்த்தார். நாற்பத்து மூன்று அடி, இரண்டு அங்குலம்.

"என்ன சார் வருது?" என்று மேலேயிருந்து கத்தினாள்.

"ரெண்டு அங்குலம் விட்டுட்டம்மா!"

"முன்பின் இருக்கும்னு எழுதியிருக்கேன் சார்!"

அவள் இறங்கி வந்த பிறகுதான் அதிகாரி நோட்டைத் திறந்தார். வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார்.

"இதைத் தப்புன்னு போட்டது யாரு?"

தாளாளர் என்னைப் பார்த்தார். காசி தரையைப் பார்த்தார்.

"நான்தான் சார்" என்றேன்.

"தேதியெல்லாம் சுத்தமாப் போட்டிருக்கீங்க" என்றார் அதிகாரி. நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார்.

நீல மை

சான்று கிடைத்துவிட்டது. சார்ட்டுகள் அன்று மாலையே இறங்கின. ஃப்ளெக்ஸில் "அறுபது அடி உயரம்" என்ற இடத்தில் மட்டும் ஒரு துணி. "அறுபது ஆண்டுகள்" இருக்கிறது. அதை யாரும் டேப் வைத்து அளக்க முடியாது.

மறுநாள் காலை வகுப்புக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லா மாணவர்களும் உயரத்தை நாற்பத்து மூன்று அடி என்று திருத்தி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மதியத்துக்குள் நாற்பத்தொரு நோட்டும் என் மேசைக்கு வந்தன. பந்து விழுந்த நேரம் எல்லாவற்றிலும் 1.63. நிழல்கள் மறுபடி சுருங்கியிருந்தன. யாரும் மாடிப் பக்கமே போகவில்லை. நான் பச்சை மையில் சரி போட்டேன்.

"ஏண்ணே, நாளைக்கு நாற்பத்து நாலுன்னு சொன்னா?" என்றார் காசி.

"அதுவும் வரும் மாப்ள."

பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவள் நோட்டில் திருத்த எதுவும் இல்லை. திருத்த வேண்டியவன் நான். என் சிவப்பு எழுத்தை நீல மையில் அடித்தேன். பக்கத்தில் "சரி" என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு, நோட்டை மூடி, அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் அங்கேயே பிரித்துப் பார்த்தாள்.

"சார், தேதி போடலை."

மளிகைச் சீட்டுக்குக்கூடத் தேதி போடுகிறவன். நோட்டைத் திரும்ப வாங்கிப் போட்டேன்.

அவள் சிவப்புத் தேதியையும் நீலத் தேதியையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"பத்தொம்பது நாள் சார்" என்றாள். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து டைரியில் எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பதுதான்.